எல்லோருக்கும் இலை போட்டாச்சா?

பண்டிகைச் சாப்பாடு தரையிலிருந்து மேஜைக்கு ஏறிவிட்டது. சமைத்தவர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் சென்னை எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட்டுக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. கரும்புக் கட்டுகள் சாலையில் பாதியை அடைத்துவிடும். மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, பூளைப்பூ, மொச்சை, பரங்கிக்கீற்று என்று நடைபாதை முழுக்க ஈரமும் பச்சையுமாக இருக்கும். கே.கே. நகர் வீடுகளில் பாதிப் பேர் அந்த நேரம் அங்கேதான் நிற்பார்கள். இலை விற்கும் அம்மா ஈரச் சாக்கை விலக்கி ஒரு சுருளை எடுப்பார். விரித்து, கிழிசல் இல்லை என்று வெளிச்சத்தில் காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “எத்தனை பேரும்மா?”

வாங்க வந்தவர் விரல் விட்டு எண்ணுவார். மாமனார், மாமியார், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு, நாத்தனார் வீட்டில் நாலு பேர். ஆக ஒன்பது. சாமிக்குப் படைக்க ஒன்று சேர்த்தால் பத்து. பணத்தைக் கொடுத்துவிட்டு இலையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தக் கணக்கில் அவர் இல்லை. விடியற்காலை எழுந்து அத்தனை பேருக்கும் சமைக்கப் போகிறவருக்கு இலை இல்லை. கேட்டால், “அவர் இலையிலேயே உட்கார்ந்துடுவேன்” என்பார். “தட்டில் போட்டுக்கிட்டா ஆச்சு” என்பார். இப்படிச் சொல்லாத தாயை, மாமியாரை, அண்ணியைப் பார்த்த தமிழ் வீடுகள் மிகக் குறைவு.

பண்டிகை மேஜையில் என்ன விரிப்பு போடுவது, பூவை எங்கே வைப்பது, எத்தனை வகை பரிமாறுவது என்று இப்போது நிறையப் பேச்சு நடக்கிறது. பேச வேண்டியதுதான். ஆனால் மேஜையைச் சுற்றி யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதைப் பேசாமல் அந்தப் பேச்சு முடியாது.

தாழ்வாரம் போய் ஹால் வந்தது

1970-களில் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் திட்டமிட்டு உருவாக்கிய பகுதி கே.கே. நகர். செக்டார், செக்டாராகப் பிரித்து, வருமானத்துக்கேற்ற அளவில் வீடுகள் கட்டப்பட்டன. தஞ்சாவூர், திருநெல்வேலி, மதுரை, கோயம்புத்தூர் என்று பல பக்கத்திலிருந்தும் வேலைக்காகச் சென்னை வந்தவர்கள் குடியேறினார்கள். ஊரில் விட்டுவிட்டு வந்த வீட்டில் தாழ்வாரமோ கூடமோ இருந்தது. இருபது பேர் வரிசையாகப் பாய் போட்டு உட்காரலாம். இங்கே கிடைத்த ஹாலில் சோபாவும் டிவியும் போக மிச்சமிருந்த இடத்தில் நாலு இலை போட்டால் ஐந்தாவது இலை வாசலுக்குப் போய்விடும். பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் எழும்பும் இந்த நாட்களில் ஹாலோடு சேர்ந்தே சாப்பாட்டு மேஜையும் வந்துவிடுகிறது.

மேஜை வந்ததில் குறை ஒன்றும் இல்லை. மூட்டு வலிக்காரரைத் தரையில் உட்கார வற்புறுத்தக் கூடாது. மாமியாரும் மாமனாரும் யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்திருக்க முடிவது பெரிய விஷயம். சிக்கல், அந்த மேஜையின் மேல் முழு இலை போடும்போதுதான் ஆரம்பிக்கிறது.

சாதாரண ஆறு நாற்காலி மேஜையில் எதிரெதிரே தலைவாழை இலைகளை விரித்துப் பாருங்கள். இலைகளின் மேல் விளிம்புகள் நடுவில் ஒன்றோடொன்று முட்டும். சாம்பார்ப் பாத்திரம் வைக்க, நெய்க் கிண்ணம் வைக்க ஒரு சாண் இடம் மிஞ்சாது. பாத்திரமெல்லாம் சமையலறை மேடையிலேயே இருந்துவிடும். அப்படியானால் ஒருவர் நின்று, அங்கிருந்து எடுத்து வந்து, ஒவ்வொருவர் பின்னாலும் போய்ப் பரிமாறியே ஆக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை எந்த வீட்டிலும் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதில்லை. தரையில் பந்தி போட்ட காலத்துப் பழக்கம் அப்படியே மேஜைக்கும் வந்துவிட்டது.

[பெட்டிச் செய்தி]
இலை விரிக்கும் முன்

● இலையின் நுனி சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம். அகன்ற பக்கம் வலது கைக்கு. சோறு பிசைய இடம் வேண்டியது அந்தப் பக்கம்தான்.

● மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், பச்சடி, கோசுமல்லி, பொரியல், கூட்டு, வடை. கீழ் பாதியில் சோறும் இனிப்பும். சில வீடுகளில் பாயசம் ஒரு துளி முதலில் விழ வேண்டும். சில வீடுகளில் ரசம் முடிந்த பிறகுதான் பாயசம்.

● மேஜையில் இலை ஆடாமல் படிய, அடிப்பக்கத்து நடு நரம்பின் தடிப்பைக் கத்தியால் லேசாகச் சீவிவிடுங்கள். சீவாத இலை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்; ரசம் மடியில்தான் வந்து சேரும். சோற்றில் ஆழமாகக் குழி செய்து, ரசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொல்லலாம்.

● சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மடிப்பது பெரும்பாலான வீடுகளின் வழக்கம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். ஊருக்கு ஊர் மாறும், பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

● மேஜைமேல் விரிக்கும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அன்று தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் ஒன்று.

ஆறிப்போன வடை

பொங்கலன்று காலையை அடுப்படியிலிருந்து பாருங்கள். கோலம், பானைக்கு மஞ்சள் கட்டுவது, சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், காய்கள் எல்லாம் போட்ட குழம்பு, இரண்டு பொரியல், கூட்டு, வடை, பாயசம். படையல் முடிந்து இலை போட மதியம் ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் அப்பளம் பொரிக்க வேண்டும். வடையும் சூடாக இருந்தால்தான் ருசி. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஒருவர் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது இதனால்தான். “சூடா ஒரு வடை”, “ரசம் கொஞ்சம்”, “தண்ணி” என்று கூடத்திலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். அவர் உட்காரும்போது மணி மூன்றைத் தொட்டிருக்கும். அப்பளம் நமுத்துப்போயிருக்கும், வடை ஆறிப்போயிருக்கும், பொரியல் பாத்திரத்தின் அடியைச் சுரண்டினால்தான் வரும். பாயசம் இறுகிக் கிடக்கும். பெரும்பாலும் அதற்குள் அவருக்குப் பசியே போயிருக்கும்.

மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். இது எல்லா நாளும் சேர்ந்த சராசரி. பண்டிகை நாளில் இந்த இடைவெளி எவ்வளவு விரியும் என்று அவரவர் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆண்களுக்குப் பரிமாறத் தெரியாது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பந்தியில் வாளியும் கரண்டியுமாக ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒரு முந்நூறு பேர் பந்தியில் எந்த இலையில் கூட்டு தீர்ந்தது, யார் ரசத்துக்குக் காத்திருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். ஊர்க் கல்யாணங்களில் பையன்களுக்கு முதலில் கிடைக்கும் வேலையே இலையில் உப்பு வைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும்தான். அதே பையன் வளர்ந்து தன் வீட்டு மேஜைக்கு வந்ததும் கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்கிறான்.

கடைசியில் சாப்பிடுவது ஒரு நாள் களைப்போடு முடிந்துவிடும் விஷயம் இல்லை. பண்டிகையில் கண்ணுக்குத் தெரிவது, மற்ற நாட்களில் தெரியாமல் நடக்கிறது. மீனின் நடுத்துண்டும், கறியில் நல்ல துண்டும், பால் பாத்திரத்தின் ஏடும் முதலில் உட்கார்ந்தவர்களுக்குப் போகும். கடைசியாக உட்காருகிறவருக்குக் குழம்பும் சோறும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு. காரணங்கள் பல. மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கத்தையும் அந்தக் காரணங்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் பெண், காலை மருந்தைப் போட்டுவிட்டு மூன்று மணி வரை காப்பியோடு நிற்பது நேரடியான ஆபத்து. சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடலாம்.

இந்த வலியைக் கதையும் சினிமாவும் நமக்கு முன்பே காட்டிவிட்டன. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1980-களிலேயே இதைப் பேசியது. 2021-ல் மலையாளத்தில் வந்து, பிறகு தமிழிலும் எடுக்கப்பட்ட ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ படத்தில், ஆண்கள் சாப்பிட்டுவிட்டு மென்று துப்பிய முருங்கைச் சக்கையோடு கிடக்கும் மேஜையில் பெண்கள் சாப்பிட உட்காரும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நமக்கு மட்டுமே உரிய பழக்கமும் அல்ல இது. அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்து 1943-ல் ஒரு வார இதழில் வெளியான பண்டிகை விருந்து ஓவியம் உலகப் புகழ் பெற்றது. மேஜையின் இரு பக்கமும் மற்றவர்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஏப்ரன் கட்டிய பாட்டி கனமான வான்கோழித் தட்டைச் சுமந்துகொண்டு நிற்கிறார்.

வீட்டு வேலையும் வேலைதான் என்பதைத் தமிழ்நாடு அரசே ஒப்புக்கொண்டு, 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் உரிமைத் தொகை. அரசாங்கக் கணக்கில் இடம்பெற்றவருக்கு வீட்டுக் கணக்கில் ஓர் இலை இல்லாமல் இருப்பது நியாயமே இல்லை.

டப்பாவில் வரும் பண்டிகை

ஓட்டல் சாப்பாட்டு விஷயத்தில் கே.கே. நகருக்குத் தனி வரலாறு உண்டு. இங்கே மளிகைக் கடை நடத்திக்கொண்டிருந்த பி. ராஜகோபாலிடம் ஒருவர், சாப்பிட இந்தப் பக்கம் ஓட்டலே இல்லை, தி.நகர்தான் போக வேண்டியிருக்கிறது என்று சொன்னதாகவும், அதில் பிறந்த எண்ணம்தான் சரவண பவன் என்றும் சொல்வார்கள். 1981-ல் கே.கே. நகரில் முதல் கடை திறந்தது. அன்றைக்கு ஓட்டல் தேடி தி.நகர் போன பகுதியில் இன்றைக்குப் பண்டிகைச் சாப்பாடே ஓட்டலிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்து இறங்குகிறது. மேற்கு மாம்பலத்து கேட்டரிங் கடைகளில் பண்டிகைக்குப் பல நாள் முன்பே ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள்.

இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் போய் வரும் பெண்ணுக்குக் கிடைப்பதே ஒரு நாள் லீவு. அதையும் அடுப்படியில் கழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ எழுதியபோது, வீட்டுச் சமையலைக் கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லாத பெண்களுக்கு அது துணையாக இருந்தது. இன்றைய பெண்ணுக்குச் செய்முறை போனிலேயே இருக்கிறது. இல்லாதது நேரம்.

ஆனால் ஆர்டர் செய்த வீட்டையும் கவனித்துப் பாருங்கள். பன்னிரண்டு டப்பா வரும். பிரித்து, சாம்பாரைச் சுட வைத்து, கிண்ணங்களில் மாற்றி, இலை போட்டுப் பரிமாறுகிறவர் பெரும்பாலும் அதே பெண்தான். சமையல் குறைந்தது, நிற்பது குறையவில்லை. டப்பாக்களைக் கொண்டு வந்த டெலிவரி தம்பியோ அதே பண்டிகையன்று, அதே மதியம், அடுத்த வீட்டு வாசலில் செக்யூரிட்டி உள்ளே விடக் காத்திருப்பார். அவர் வீட்டிலும் அன்று பொங்கல். ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு வடையும் கொடுத்து அனுப்ப நமக்கு ஒரு நிமிடம் போதும்.

இடையில் ஒரு வழியும் உண்டு. நேரத்தை விழுங்குவது வடை, போளி, அதிரசம் மாதிரியான பலகாரங்கள். அவற்றை வாங்கிவிட்டு, பொங்கலும் குழம்பும் ஒரு பொரியலும் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் போதும் என்று முடித்துக்கொள்ளும் வீடுகள் நம்மிடம் ஏராளம். பண்டிகை என்றால் பதினாறு வகை சைவச் சாப்பாடு என்ற படம் டிவி விளம்பரங்களில் வருகிறது. பெரும்பாலான தமிழ் வீடுகளின் தீபாவளி வாசம் மசாலா வாசம்தான்.

[பெட்டிச் செய்தி]
பந்தி அரசியலான கதை

திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதி உதவி செய்தது. அங்கே இரண்டு பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது வெளியே தெரிந்ததும், 1924–25-ல் தமிழகமே கொதித்தது. பி. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1925 நவம்பரில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான பின்னணியில் இந்தச் சச்சரவுக்கும் இடம் உண்டு. இன்றும் சுதந்திர தினத்தன்று தமிழ்நாட்டுக் கோயில்களில் எல்லோரும் சேர்ந்து உட்காரும் பொது விருந்து நடக்கிறது.

தூக்குச்சட்டியில் போகும் விருந்து

சேரன்மாதேவி முடிந்துபோன கதை என்று நினைத்தால், நம் வீட்டுப் பின்கட்டைப் பார்க்க வேண்டும். பண்டிகையன்றும் பாத்திரம் கழுவ, வீடு துடைக்க வரும் பெண்ணுக்கு எங்கே சாப்பாடு? பல வீடுகளில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிஞ்சியதைத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். தரும் மனசு நல்ல மனசுதான். ஆனால் அவர் காப்பி குடிக்கும் டம்ளர் ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறதே, அதை நல்ல மனசு என்று எப்படிச் சொல்வது? வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-லிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. நம் மேஜையில் இன்னும் நாற்காலி இல்லை.

அன்றைக்கு அவருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுப்பது முதல் மரியாதை. இலையில் சாப்பிடும் நாளில் கழுவத் தட்டும் இல்லை. வந்தே ஆக வேண்டிய வீடு என்றால், சூடாக இருக்கும்போதே அவருக்கும் இலை போட்டு, உட்கார வைத்து, பரிமாற வேண்டும்.

இதே வரிசையில் இன்னொருவரும் இருக்கிறார். கணவரை இழந்த பாட்டியோ அத்தையோ அத்தைப் பாட்டியோ. சுமங்கலிகள் பந்தி என்று பிரித்து அவர்களை உள்ளறையில் உட்கார வைத்த காலம் முழுசாகப் போய்விடவில்லை. பிள்ளைகளுக்கு நடுவில் அவர்களுக்கு முதல் இலை போடும் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் விரும்பி வருவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் ஒரே பந்தியில்

செய்ய முடியுமா? முடியும். கொஞ்சம் திட்டம் வேண்டும்.

முழுத் தலைவாழை இலையைச் சாமி படையலுக்கு வைத்துக்கொண்டு, மேஜைக்குச் சிறிய டிபன் இலையோ ஏடோ வாங்குங்கள். தட்டின் மேல் இலையை வட்டமாக நறுக்கிப் போட்டாலும் சரி. நடுவில் பாத்திரங்களுக்கு இடம் கிடைத்துவிடும். இடம் கிடைத்தால் கைக்கு எட்டும், கைக்கு எட்டினால் யாரும் நிற்க வேண்டாம். எட்டாததை ஒரு டீப்பாயில் வைத்து மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அப்பளத்தை முன்னாலேயே பொரித்து, ஆறியதும் மூடி இறுக்கமான சம்படத்தில் போட்டுவிட்டால் மொறுமொறுப்பு போகாது. ரசமும் சாம்பாரும் ஹாட்பேக்கில் இருக்கட்டும். வடையைக் கடைசியாகச் சுட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோருமாக உட்காருங்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்வரை ஒருவர் உட்கார மாட்டார்.

பெரிய கூட்டமாக இருந்து இரண்டு பந்தி தவிர்க்க முடியாது என்றால், முதல் பந்தியில் சமைத்தவர்கள், குழந்தைகள், மருந்து சாப்பிடுகிறவர்கள். பரிமாறுவது வீட்டு ஆண்களும் பெரிய பிள்ளைகளும். ஒருவருக்குச் சோறும் குழம்பும், ஒருவருக்குக் காய்கள், ஒருவருக்குத் தண்ணீரும் மோரும் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. பத்து வயதுப் பையனுக்கு உப்பும் ஊறுகாயும் வைக்கும் வேலையைக் கொடுங்கள். அவன் முகத்தில் வரும் பொறுப்பைப் பாருங்கள்.

வகைகளைக் குறைத்தால் யார் என்ன சொல்வார்களோ என்ற பயத்தையும் விட்டுவிடலாம். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்–இன்டியாப் ஆய்வு சொன்னது. பல குடும்பங்களில் மேஜையில் ஒருவராவது இருப்பார். உணவில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்கட்டும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நம் இலையில் காய்க்கு ஒதுக்கிய இடமே மேல் பாதி முழுவதும். அந்தப் பாதியை நிறைய வைத்து, சோற்றை அளவாகப் போட்டு, பாயசத்தைச் சின்னக் கிண்ணத்தில் கொடுத்தால் தாத்தாவை யாரும் தடுக்க வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் அவரவர் இலையை அவரவரே எடுக்க வேண்டும். விருந்தாளியின் இலையை எடுப்பது மட்டும் வீட்டாருக்கு உரியது; அதை ஆண்கள் எடுக்கட்டும். எச்சில் இலையை எடுப்பது இன்னாருடைய வேலை என்று காலம் காலமாக ஒதுக்கி வைத்ததில்தான் பாதி அநியாயம் இருக்கிறது. எடுத்த இலையும் காய்த் தோலும் மாநகராட்சியின் பச்சைத் தொட்டிக்கு. டப்பா, கவர், தண்ணீர் பாட்டில் கழுவி நீலத் தொட்டிக்கு. இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தெருமுனையில் வீசினால், இலை வாசத்துக்கு வரும் மாடு பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்கும். பையை மறுநாள் காலையில் கையால் பிரிக்க வேண்டியவர் தூய்மைப் பணியாளர். மாட்டுப் பொங்கலன்றும் அவருக்கு வேலை நாள்தான்.